வீடு விற்பனைக்கு

விலைக்கு வருகிற பொருள்களுக்குள்ளே வீட்டைப் போல் விசித்திரமான பொருள் வேறொன்று இல்லை. மாட்டை விற்றால் கயிற்றைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம். நிலத்தை விற்றால் எல்லைக் கல்லைக் காட்டிக் கொடுத்துவிடுகிறோம். வீட்டை விற்கும்போதோ, எதைக் கொடுக்கிறோம், எதை நம்முடன் எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதே சரியாகத் தெரிவதில்லை. கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லைகளும், சதுர அடிகளும், கதவு நிலை ஜன்னல்களும், கிணற்றுப் பாத்தியதையும் விவரமாக எழுதியிருக்கும். எந்த ஓடு மழைக்கு ஒழுகும், எந்த ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று கூடம் வரைக்கும் வரும் என்பதைப் பற்றி ஒரு வரியும் இராது. உண்மையில் அந்த வீட்டில் குடியிருப்பவனுக்கு வேண்டியவை இவைதான்.

தரங்கம்பாடியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய வீடு இருந்தது. அதை விற்பது பற்றி அண்ணன் எழுதிய கடிதம் எனக்கு ஜவ்வாது மலையில் கிடைத்தது. ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் உபாத்தியாயர். கடலோரத்தில் பிறந்தவனுக்கு மலைமேல் உத்தியோகம்! சாமையும் தேனும் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, உப்புக் காற்று அரிக்கிற வீட்டைப் பற்றி யோசிக்கவேண்டிய நிலைமை. தூரத்திலிருந்து பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கிட்டே இருக்கும்போது தூண்தான் தெரியும். எட்ட நின்றால் வீடு தெரியும்.

விற்பனை என்பது தரங்கம்பாடிக்குப் புதிதல்ல. அலைகள் பாடும் ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்லுவார்கள். கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில் குலசேகர பாண்டியன் காலத்தது. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க் தேசத்தார் இங்கே கோட்டை கட்டினார்கள். 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற பாதிரியார் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். தமிழில் வாரப் பத்திரிகை வாசிக்கிறவர்கள் அந்த ஊரின் திசை நோக்கி ஒரு கும்பிடு போட்டால் தவறில்லை.

பிற்பாடு டேனிஷ்காரர்களுக்கு வியாபாரம் நொடித்தது. 1845-ல் தரங்கம்பாடியையும், வங்காளத்திலிருந்த சீராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றுவிட்டார்கள். கோட்டை, வீதி, வாசல் வளைவு எல்லாம் கைமாறின. அந்த வீதிகளில் குடியிருந்த ஜனங்கள் மட்டும் அந்த வியாபாரத்தில் கட்சிக்காரர்கள் அல்ல. அந்நிய ஆட்சி என்றால் என்ன என்பதை நம்முடைய குழந்தைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நாம் குடியிருக்கும் ஊரை யாரோ ஒருவர் வேறு யாருக்கோ விற்கலாம். நமக்குச் செய்தி மட்டும் வரும்.

வாங்கியவர்கள் கொஞ்ச காலம் ஜில்லாக் கச்சேரியை அங்கே வைத்திருந்தார்கள். 1860-ஐ ஒட்டி அதுவும் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. ரயில் பாதை நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. கப்பலும் அதன் பின்னாலேயே போயிற்று. 1926-ல் மாயூரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கிளைப் பாதை வந்தது. 1986-ல் அதுவும் நின்றது. இப்படி ஒவ்வொன்றாகக் கழன்றுபோன ஊரில் வீடுகள் மட்டும் எப்படி நின்றன? ஜனங்கள் அவற்றில் குடியிருந்தார்கள், அதனால் நின்றன.

எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்று. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை. உள்ளே குனிந்துதான் போகவேண்டும். ரேழியைத் தாண்டினால் நடு முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், எட்டுத் தேக்கு மரத் தூண்கள். அப்பால் கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை, கிணறு. முன்கட்டுக்கு நாட்டு ஓடு. பின்கட்டில் ஒரு பகுதிக்கு மட்டும் மச்சுத் தளம். தேக்கு உத்தரங்களின்மேல் சிறிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் பதித்து எழுப்பிய தளம் அது. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லுவார்கள். சுண்ணாம்பும் சாதாரணச் சுண்ணாம்பல்ல. கடற்கரைக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்த சாந்து.

இந்தச் சாந்தின் மகிமை அத்தைக்குத்தான் தெரியும். அத்தை என்றால் என் தகப்பனாரின் தமக்கை. இளம் வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். அறுபது வருஷங்களுக்குமேல் அந்த வீட்டை ஆண்டவர் என்றே சொல்லவேண்டும். ஒரு சமயம் அண்ணன் பட்டணத்திலிருந்து கொத்தனாரை அழைத்துவந்து, சுவரின் அடிப்பாகத்துக்குச் சிமெண்டு பூச ஏற்பாடு செய்தார். அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அந்தச் சுவர் மூச்சு விடுகிற சுவரடா! மூக்கைப் பொத்தாதே" என்றார்.

அத்தை சொன்னதில் சாஸ்திரம் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். கடலோரத்து ஈரத்தில் உப்பு உண்டு. உப்பு சுவருக்குள்ளேயே உறைந்து செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். சிமெண்டுக் காங்கிரீட்டின் கதியும் அங்கே அவ்வளவு சிலாக்கியமல்ல. உப்புக் காற்று உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. அக்கறையோடு கட்டாத புது வீடு முப்பது வருஷத்தில் வாயைப் பிளக்கும் இடத்தில், பழைய சுண்ணாம்பு வீடு நூறு வருஷங்களைக் கடந்து நிற்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. வருஷா வருஷம் ஓடு மாற்றி, வெள்ளையடித்து, கறையான் பார்த்துவந்தால் போதும். ஆனால் வருஷா வருஷம் செய்யவேண்டும், அதுதான் சங்கடம்.

2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் கடல் பொங்கியபோது தரங்கம்பாடியில் மீனவர் குடியிருப்புகள் பட்ட பாட்டை எழுத்தில் சொல்லி முடியாது. அன்று எங்கள் வீடு தப்பியது. அப்புறம் பல நாட்கள் எங்கள் தாழ்வாரத்திலும் திண்ணையிலும் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. திண்ணை எதற்காகக் கட்டினார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கெல்லாம் விளங்கிற்று. வீட்டுக்காரனுடைய இடத்தில் ஊருக்காக ஒதுக்கிய பங்கு அது. இந்தக் காலத்து வீடுகளில் வாசலில் வாகனம் நிறுத்த இடமிருக்கிறது. வழிப்போக்கன் உட்கார இடமில்லை.

சென்ற வருஷம் அத்தைக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. மயிலாடுதுறையில் இருக்கும் அக்காள் அவரைத் தன்னோடு அழைத்துப் போனாள். வீடு பூட்டப்பட்டது. பூட்டிய எட்டாம் மாதம் பின்கட்டில் ஓர் உத்தரத்தைக் கறையான் பிடித்தது. அப்போதுதான் அண்ணன் கடிதம் எழுதினார். வாங்குவதற்கு மூன்று பேர் வந்திருப்பதாகவும், யாருக்குக் கொடுப்பதென்று கூடிப் பேசவேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

முதலாமவர் பழம்பொருள் வியாபாரி. அவருக்கு வீடு வேண்டாம். எட்டுத் தூண்களும், வாசல் நிலையும், கதவும், ஊஞ்சல் பலகையும் போதும். செட்டிநாட்டில் பர்மாத் தேக்கினால் கட்டிய எத்தனையோ மாளிகைகள் இவ்விதம் துண்டு துண்டாக விலை போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. காரைக்குடிக் கடைவீதிகளில் நிலையும் தூணும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எங்கோ ஒரு பட்டணத்து ஹோட்டலில் நிற்கப்போகும் தூணுக்கு அந்தத் தூண் தாங்கிய கூரையைப் பற்றி யாராவது சொல்லுவார்களா?

இரண்டாமவர் வீட்டை இடித்துவிட்டு, யாத்ரீகர்கள் தங்க நாலு மாடி விடுதி கட்ட நினைத்தார். மூவரிலும் அதிகத் தொகை சொன்னவர் அவர்தான். 1991 முதல் கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டடங்களுக்குச் சர்க்கார் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேட்டதற்கு, "அதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம். நம்முடைய தேசத்தில் இந்த ஒரு வாக்கியம் எத்தனை கடற்கரைகளைத் தின்றிருக்கிறது!

மூன்றாமவர்கள் ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. மிச்சமுள்ள காலத்தைக் கடலோரத்தில் கழிக்க ஆசைப்பட்டவர்கள். விடுதிக்காரர் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குதான் அவர்களால் கொடுக்க முடிந்தது.

கடிதம் வந்த வாரத்தில் எங்கள் மலைக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்கள். ஜவ்வாது மலையில் இப்போது சர்க்கார் உதவியோடு கட்டிய காங்கிரீட் வீடுகள் நிறைய வந்துவிட்டன. மழைக்கும் நெருப்புக்கும் பயந்தவர்கள் அவற்றை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் மண் சுவரும், மூங்கிலும், காட்டுப் புல்லுமாகிய பழைய வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. மகாத்மா காந்தி, லட்சிய கிராமத்தில் ஒரு வீட்டை அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டவேண்டும் என்று தம்மிடம் சொன்னதாக லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் பிறந்து இந்தியராகவே வாழ்ந்து 2007-ல் கேரளத்தில் மறைந்தவர் அவர். காந்திஜியின் பேச்சைக் கேள்விப்படாமலே இந்த மலை ஜனங்கள் அதன்படி நடந்துவந்திருக்கிறார்கள். எங்கள் தரங்கம்பாடி வீட்டிலும் தேக்கு மரம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஐந்து மைலுக்குள் கிடைத்ததுதான். மலையில் மண்ணும் புல்லும். கடலோரத்தில் களியும் கிளிஞ்சலும். வித்தை ஒன்றே.

வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் எங்கள் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, பாட்டன் வீட்டை விற்கலாமா?" என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ வேறு.

"வாங்குறவங்க அதுல குடியிருப்பாங்களா, வாத்தியாரே?"

"ஒருத்தர் இடிப்பார், ஒருத்தர் பிரித்து எடுத்துக்கொண்டு போவார், ஒருத்தர் குடியிருப்பார்" என்றேன்.

"அப்படின்னா ரோசனை எதுக்கு? அடுப்புப் புகை படாத கூரையைப் பூச்சி தின்னுடும். புகை போடுறவங்க கையிலே கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் புல் கட்டைத் தூக்கிக் கொடுக்கப் போய்விட்டார்.

விஷயம் அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க வேண்டியதில்லை. அண்ணனுக்குப் பணம் வேண்டும், நியாயமாகவே வேண்டும். மகளை மேற்படிப்புக்கு அனுப்பக் கடன் வாங்கியிருக்கிறார். விலையில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது, மலையில் சம்பளத்துக்கு உட்கார்ந்து தத்துவம் பேசும் தம்பிக்குச் சுலபம். கடன் வாங்கிய தமையனுக்குச் சுலபமல்ல. பழைய வீடுகளைக் காப்பாற்றவேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வழுக்கிக்கொண்டு தாண்டிவிடுவார்கள். காப்பாற்றும் செலவு யாருடையது என்பதுதான் கேள்வி.

மயிலாடுதுறையில் அக்காள் வீட்டில் நாலு பேரும் கூடினோம். கையெழுத்தும் நாலு. பிதிரார்ஜிதத்தில் பெண்மக்களுக்குச் சம பங்கு கொடுத்து 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் தேசம் முழுவதற்கும் சட்டம் வந்தது. அத்தைக்கும் அக்காளுக்கும் பங்கு இல்லாதிருந்த பழைய காலமாயிருந்தால், நானும் அண்ணனும் ஒரு சாயங்காலத்தில் பேசி முடித்திருப்போம், வீடும் முடிந்திருக்கும்.

அண்ணன் தாய்ப்பத்திரத்தை எடுத்துப் படித்தார். எங்கள் பாட்டனாரின் தகப்பனார் அந்த வீட்டைக் கட்டினார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பத்திரமோ, அவர் அதை வேறொரு குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கினார் என்று சொல்லிற்று. ஊரை விட்டுப் போகவேண்டிய அவசியத்தால் அவர்கள் விற்றிருக்கிறார்கள். எங்கள் "பரம்பரை வீடு" இன்னொருவர் கண்ணீரோடு விட்டுப்போன வீடு!

"பார்த்தாயா? விற்றதனால்தான் நமக்கு வந்தது. விற்பதில் பாவம் என்ன இருக்கிறது?" என்றார் அண்ணன்.

"பாவமில்லை. ஆனால் அவர்கள் நமக்கு வீட்டை அல்லவா விற்றார்கள்? தூணையா விற்றார்கள்?" என்றாள் அக்காள்.

அதுவரை பேசாமலிருந்த அத்தை, "கிணற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே!" என்றார்.

அத்தை சொன்ன கிணறு எங்கள் கொல்லைக் கிணறு. கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அதில் நல்ல தண்ணீர். சுற்றிலும் உள்ள பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் கொல்லை வழியாக வந்து மொண்டுகொண்டு போவது வழக்கம். கடலோரத்து மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே உள்ள அந்த ஓர் அடியை யந்திரம் வைத்து இறைத்துவிட்டால், கீழே உள்ள 40 அடியும் நமக்குச் சொந்தமல்ல. உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும். ஒரு தடவை உப்பேறிய கிணறு லேசில் திரும்பாது. நாலு மாடி விடுதிக்கு ஆழ்துளை போட்டு மோட்டார் வைத்தால் முதலில் சாவது எங்கள் கிணறு. பிறகு அந்தத் தெருவின் கிணறுகள்.

"வீடு நம்முடையது. தண்ணீர் தெருவினுடையது. அதை விற்க நமக்கு என்ன பாத்தியதை?" என்று கேட்டார் அத்தை.

அண்ணன் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். விடுதிக்காரர் சொன்ன விலையில் தமக்கு வரக்கூடிய நாலில் ஒரு பங்கையும், தம்பதிகள் சொன்ன விலையில் வரக்கூடியதையும் எழுதி, வித்தியாசத்துக்குக் கீழே கோடு கிழித்தார். அந்த வித்தியாசத்தை அக்காளும் நானும் எங்கள் பங்கிலிருந்து அண்ணனுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அத்தை தம்முடைய பங்கிலிருந்தும் கொடுக்க முன்வந்தார், ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ளவில்லை. பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார். மூன்று பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நஷ்டம். நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்கிற குடும்பம் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வதில் அதிகமாகச் சண்டை போடுவதில்லை என்பதை அன்று கண்டேன்.

தரங்கம்பாடியில் இப்படிப் பிழைத்த கட்டடங்கள் வேறு சிலவும் உண்டு. கடற்கரையிலுள்ள பழைய பங்களா ஒன்று புதுப்பிக்கப்பட்டு ஹோட்டலாக நடக்கிறது. கவர்னர் பங்களாவைப் பழுது பார்க்க டென்மார்க்கின் தேசிய நூதன சாலையார் துணை செய்தார்கள். இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு ஸ்தாபனத்தார் தெரு வீடுகள் சிலவற்றையும் சீர்திருத்தினார்கள். பன்னிரண்டரை லட்சத்துக்கு விற்றுவிட்டுப் போனவர்களுடைய தேசத்தார் திரும்பி வந்து சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள். நல்லதுதான், நன்றி சொல்லுவோம். ஆனால் கவர்னர் மாளிகையைக் கவனிக்கச் சமுத்திரம் தாண்டி ஆள் வரும். நம்முடைய நாட்டு ஓட்டு வீட்டைக் கவனிக்க நம்மைத் தவிர யார் வருவார்கள்? சுதந்திர தேசம் என்றால் சொந்த வீட்டின் ஒழுகலைத் தானே அடைக்கிற தேசம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு.

பத்திரம் பதிவாகும் தினத்துக்கு முன்னால் அத்தை அக்காளிடம் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிவரச் சொன்னார். மூன்று நாள் தாம் சொல்லச் சொல்ல அவளை எழுத வைத்தார். முற்றத்து வடமேற்கு மூலை ஓட்டை ஐப்பசிக்கு முன்னால் மாற்றவேண்டும். இரண்டாங்கட்டு மூன்றாவது உத்தரத்தில் வருஷம் ஒரு தடவை கறையான் பார்க்கவேண்டும். சுவரில் சிமெண்டு படக்கூடாது. சாந்துக்குக் கடுக்காய்த் தண்ணீர் எத்தனை நாள் ஊறவேண்டும். சித்திரையில் கிணறு தூர் வாரவேண்டும். கொல்லைக் கதவைப் பகலில் தாழிடக்கூடாது. இப்படி இருபத்தேழு விஷயங்கள்.

சார்பதிவாளர் ஆபீஸில் சாவிக் கொத்தை அண்ணன் கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தை அத்தை கொடுத்தார். வாங்கிக்கொண்ட அம்மாள் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தை அங்கேயே பெஞ்சியில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பத்தாவது விஷயத்தில் ஒரு சந்தேகம் கேட்டார். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வீடு விற்கவேண்டிய நிலைமையில் இருக்கும் நேயர்கள் பலர் இருக்கக்கூடும். அவர்கள் ஒன்று செய்யலாம். தரகரைக் கூப்பிடுவதற்கு முன்னால், வீட்டில் மூத்தவர்களாக இருக்கிறவர்களைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வாங்க வருகிறவர்களிடம் விலையைச் சொல்லுவதற்கு முன்னால் அதைக் காட்டுங்கள். அதைப் பிரித்துப் பார்க்கிறவர் யார், பிரிக்காமலே சதுர அடியைக் கேட்கிறவர் யார் என்று கவனித்தால், எந்தக் கையில் சாவியைக் கொடுப்பது என்பது அநேகமாகத் தெரிந்துவிடும்.